திற்பரப்பு, மாத்தூர், முட்டம்: கிளம்பும் முன் நான் கேட்காமல் விட்டவை

கடந்த அக்டோபரில் ஒரு சனி, ஞாயிறு. அம்மாவையும் நான்காம் வகுப்பு படிக்கும் மகளையும் அழைத்துக்கொண்டு மதுரையிலிருந்து கன்னியாகுமரி மாவட்டத்துக்குப் போனேன். போன இடத்தில் அருவியைக் கம்பிக்கு வெளியே நின்று பார்த்தேன், கடலில் மகளை இழக்கப் பார்த்தேன், ஏறத்தாழ 30,000 ரூபாய் செலவழித்துவிட்டு காலில் ஆறு தையலோடு ஊர் திரும்பினேன். கணவர் ஷார்ஜாவில் வேலை செய்கிறார். வீட்டில் முடிவெடுப்பது, பணம் கட்டுவது, அழைத்துப் போவது எல்லாம் நான்தான். அதனால் இந்தப் பயணத்தில் செய்த தவறுகளும் முழுக்க என்னுடையவை. இவற்றைப் போவதற்கு முன் யாராவது சொல்லியிருந்தால் எவ்வளவோ தவிர்த்திருப்பேன். அதற்காகவே எழுதுகிறேன்.

திட்டம் எளிமையானது. சனிக்கிழமை திற்பரப்பு அருவியில் குளியல், அதற்கு மேலே உள்ள தடுப்பணையில் படகு, மாலையில் மாத்தூர் தொட்டிப்பாலமும் அங்குள்ள பூங்காவும், இரவு அருவிக்குப் பக்கத்திலேயே அறை. ஞாயிற்றுக்கிழமை முட்டம் கடற்கரை, கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறை, இரவு பஸ் ஏறி ஊர். அறைக்கு 3,600 ரூபாய், இரண்டு நாள் காருக்கு 6,500, பஸ் டிக்கெட் 1,500, சாப்பாட்டுக்கு 1,400 என்று 13,000 ரூபாய் ஒதுக்கினேன். அறைப் பணம் முழுவதையும் முன்கூட்டியே கட்டிவிட்டேன். ‘ரத்து செய்தால் பணம் திரும்பாது’ என்று கீழே சின்ன எழுத்தில் போட்டிருந்தது. நாம்தான் ரத்து செய்யப் போவதில்லையே என்று நினைத்துக் கடந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மாலை அறைக்காரருக்குப் போன் செய்து, அருவியில் தண்ணீர் எப்படி என்று கேட்டேன். “நன்றாக விழுகிறது மேடம், தாராளமாக வாருங்கள்” என்றார். அதற்கு மேல் நான் எதுவும் விசாரிக்கவில்லை. தண்ணீர் நன்றாக விழுகிறது என்பதும் அதில் குளிக்க விடுகிறார்கள் என்பதும் வேறு வேறு என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. நம்மிடம் பணம் வாங்கியவரிடமே போய், வரலாமா என்று கேட்டால் வராதே என்று எப்படிச் சொல்வார்? இந்த ஒன்றை மட்டும் அன்றைக்கு யோசித்திருந்தால் மற்ற எதுவும் நடந்திருக்காது.

சனிக்கிழமை விடியும் முன்பே மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி, ஒன்பது மணிக்குள் நாகர்கோவில் வடசேரியில் இறங்கினோம். கார் ஓட்டுநர், இருபத்தைந்து வயதுத் தம்பி, காத்திருந்தார். வழியெல்லாம் ரப்பர் தோட்டமும் வாழையும். மகள் புது நீச்சல் தொப்பியைக் காரிலேயே போட்டுக்கொண்டாள். அருவியை நெருங்கும்போது இரைச்சல் கேட்டது. அந்த இரைச்சல் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இறங்கிப் போனால் கம்பி வேலியில் கயிறு கட்டி, போலீஸ்காரர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். குளிக்கத் தடை. கிட்டத்தட்ட ஐம்பது அடி உயரத்திலிருந்து அந்தப் பாறைப் பரப்பு முழுவதும் டீ நிறத்தில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. குழந்தைகள் குளிக்கும் தொட்டி இருந்த இடமே தெரியவில்லை. படகுச் சவாரியும் கிடையாது.

அங்கே கடை வைத்திருந்த ஒரு பெரியவர்தான் விவரம் சொன்னார். திற்பரப்பில் விழுவது கோதையாற்றுத் தண்ணீர். மேலே மலையில் பேச்சிப்பாறை அணை இருக்கிறது. அதன் முழுக் கொள்ளளவு 48 அடி. நீர்ப்பிடிப்புப் பகுதியில் கனமழை பெய்து, மட்டம் நாற்பது அடியைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் உபரி நீரைத் திறந்துவிடுவார்கள். அது கோதையாறு வழியாக நேரே இங்கேதான் வரும். நாகர்கோவில் நகரத்தில் வெயில் அடித்துக்கொண்டிருந்தாலும் மலையில் மழை பெய்தால் அருவியில் வெள்ளம். “தினமும் பேப்பரில் அணை நீர்மட்டம் போடுகிறார்களே, பார்க்கவில்லையா மக்களே?” என்று கேட்டார். மதுரைப் பதிப்பில் வைகையும் முல்லைப் பெரியாறும் பார்த்துப் பழகிய நான், கன்னியாகுமரிக்குப் போகும்போது பேச்சிப்பாறையைப் பார்க்க வேண்டும் என்று நினைக்கவே இல்லை.

எனவே இங்கே வருகிறவர்கள் முதலில் இதைச் செய்யுங்கள். கிளம்புவதற்கு நான்கைந்து நாள் முன்பிருந்தே பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளின் நீர்மட்டத்தைப் பாருங்கள். பெருஞ்சாணிக்கு முழு அளவு 77 அடி. நாகர்கோவில் பதிப்பு நாளிதழ்களில் தினமும் வரும், இணையத்திலும் படிக்கலாம். எத்தனை அடி இருக்கிறது என்பதோடு, நேற்றைக்கும் இன்றைக்கும் எவ்வளவு ஏறியிருக்கிறது என்றும் பாருங்கள். கிளம்பும் நாள் காலையில் அருவியை நிர்வகிக்கும் பேரூராட்சியிலோ, மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறையிலோ கேளுங்கள். கட்டுப்பாட்டு அறையின் எண் 1077, வெளியூரிலிருந்து பேசும்போது முன்னால் 04652 சேர்க்க வேண்டும். இந்த மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஜூனிலிருந்து டிசம்பர் வரை எந்த வாரமும் அருவி மூடப்படலாம் என்று எண்ணிக்கொண்டே திட்டமிட வேண்டும். இந்த மாதங்களில், முன்பணம் திரும்பாத அறை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் எடுக்காதீர்கள். இருநூறு, முந்நூறு ரூபாய் கூடப் போனாலும் ரத்து செய்ய வழியுள்ள அறையே நல்லது.

அறைக்காரரிடம் போய்ப் பணத்தில் பாதியாவது தரக் கேட்டேன். அருவியை மூடியது அரசு, அதற்கு நான் என்ன செய்ய முடியும் என்றார். நேற்று மாலையே தடை இருந்ததா என்று கேட்டதற்குப் பதில் இல்லை. மகள் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சத்தம் இல்லாமல் அழுதாள். எனக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறியது. அந்தக் கோபத்தில்தான் அடுத்த முடிவை எடுத்தேன். காசு போய்விட்டது, நாளாவது போகக் கூடாது, ஞாயிற்றுக்கிழமை பார்க்க வேண்டிய முட்டத்தையும் இன்றைக்கே பார்த்துவிடலாம் என்று ஓட்டுநரிடம் சொன்னேன். “கடல் எப்படி என்று தெரியவில்லை அக்கா, விசாரித்துச் சொல்லட்டுமா?” என்று அவர் கேட்டார். வேண்டாம், போகலாம் என்றேன். ஓரிடத்தில் நஷ்டப்பட்டதை அடுத்த இடத்தில் ஈடுகட்டப் பார்க்கும் அவசரம் எவ்வளவு ஆபத்தானது என்பதை அன்றைக்கு மாலைதான் உணர்ந்தேன். பயணத்தில் ஒன்று கெட்டுப்போனால் அரை மணி நேரம் எங்காவது உட்கார்ந்து டீ குடியுங்கள். அடுத்த இடத்தைப் பற்றிய பேச்சை அதற்குப் பிறகு எடுங்கள்.

மாத்தூர் தொட்டிப்பாலம் பற்றி நல்லது சொல்லியே ஆக வேண்டும். அந்த நாளில் எங்களுக்கு வாய்த்த ஒரே நிம்மதி அது. பறளியாற்றுக்கு மேலே, ஒரு மலைச்சரிவிலிருந்து இன்னொரு சரிவுக்குத் தண்ணீரைக் கொண்டுபோவதற்காக 1966இல் கட்டியது. காமராசர் முயற்சியில் வந்த திட்டம். 28 தூண்கள், உயரம் 115 அடி. மேலே நடந்து போனால் பக்கத்தில் தொட்டியில் தண்ணீர் ஓடுகிறது, கீழே தென்னந்தலைகள் பச்சைக் கம்பளம் போலத் தெரிகின்றன. பாதை குறுகல், எதிரே ஆள் வந்தால் ஒதுங்கித்தான் வழிவிட வேண்டும். உயரம் என்றால் தலை சுற்றுகிறவர்களை மேலே கூட்டிப் போக வேண்டாம், அவர்கள் கீழே பூங்காவில் இருக்கலாம். ஆற்றங்கரைக்கு இறங்கும் படிகள் ஏராளம். என் அம்மாவுக்கு முழங்கால் வலி, பாதியில் உட்கார்ந்துவிட்டார். படிகளில் இறங்குவது எளிது, ஏறும்போதுதான் தெரியும். வயதானவர்கள் இருந்தால் காரைக் கீழ்ப்பக்கத்துக்கே கொண்டுவந்து நிறுத்த முடியுமா என்று முதலிலேயே ஓட்டுநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் அங்கேயே மாலை வரை இருந்திருக்கலாம். மகள் ஊஞ்சலை விட்டு இறங்க மாட்டேன் என்று சொன்னாள். நான்தான் நேரமாகிறது என்று கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

முட்டத்தில் இறங்கும்போது ஐந்து மணி இருக்கும். காற்று இல்லை. வானம் தெளிவாக இருந்தது. கலங்கரை விளக்கம், பழுப்புப் பாறைகள், அவற்றுக்கு இடையே நுரை. காலையில் பார்த்த வெள்ளத்துக்கு இது எவ்வளவோ சாதுவாகத் தெரிந்தது. மீன்பிடி வள்ளங்கள் எல்லாம் வழக்கத்தைவிட மேலே, மணல் மேட்டில் இழுத்து வைக்கப்பட்டிருந்தன. அழகாக இருக்கிறதே என்று அதைப் படம் எடுத்தேன். சனிக்கிழமை மாலையில் ஒரு வள்ளம்கூடக் கடலில் இல்லையே, ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. அம்மா மணலில் உட்கார்ந்தார். நானும் மகளும் தாழ்வான ஒரு பாறையில் ஏறினோம். அப்பாவுக்கு அனுப்ப ஒரு படம் என்று மகளைக் கடலுக்கு முதுகு காட்டி நிற்க வைத்தேன். இதைத் தட்டச்சு செய்யும்போதுகூடக் கை நடுங்குகிறது.

பாறைக்குக் கீழே இருந்த தண்ணீர் மடமடவென்று வடிந்தது. அதுவரை கண்ணில் படாத கரும்பாறை, பாசியும் வெள்ளை வெள்ளையாக ஒட்டிய கூரான சிப்பிகளுமாகப் பளபளத்துக்கொண்டு வெளியே வந்தது. அதன் மேல் ஒரு நண்டு குறுக்கே ஓடியது. இரைச்சலே இல்லை. தண்ணீர் எங்கே போனது என்று நான் திரையிலிருந்து கண்ணை எடுத்தேன். மணலிலிருந்து ஒரு பெண் குரல் “ஏறு, மேலே ஏறு” என்று அலறியது. போனைப் போட்டுவிட்டு மகளின் மேற்கையைப் பிடித்தேன். அலை என் இடுப்பு உயரத்துக்கு வந்து இருவரையும் பாறையோடு அறைந்துவிட்டு, திரும்பும்போது உறிஞ்சி இழுத்தது. அவள் கால்கள் பாறையை விட்டு எழுந்துவிட்டன. என் கையில் இருந்தது அவள் சட்டைக் கையும் கொஞ்சம் தோளும்தான். என் வலது கால் ஒரு வெடிப்பில் சிக்கியதால் நாங்கள் போகவில்லை. அந்த வெடிப்புதான் காலைக் கிழித்தது, அதுவேதான் காப்பாற்றியது. அடுத்த அலை வருவதற்குள் இரண்டு இளைஞர்கள் ஓடி வந்து எங்களைத் தூக்கிவிட்டார்கள். மகளின் ஒரு செருப்பு நுரையில் சுற்றிச் சுற்றி மிதந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அலறிய பெண்மணி மீன் விற்பவர், அறுபது வயதிருக்கும். தன் முந்தானையால் மகளின் தலையைத் துவட்டிவிட்டுச் சொன்னார்: “கடலுக்கு முதுகு காட்டலாமா மக்களே? வள்ளமெல்லாம் மேலே ஏறிக் கிடப்பதைப் பார்க்கவில்லையா? இரண்டு நாளாகக் கள்ளக்கடல்.” அந்தச் சொல்லை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன். கள்ளன் மாதிரி சொல்லாமல் வரும் கடல். ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்குத் தெற்கே, இந்தியப் பெருங்கடலில் வீசும் புயலில் கிளம்பும் நீண்ட அலைகள் சில நாள் பயணம் செய்து இந்தக் கரைக்கு வருகின்றன. இங்கே காற்றும் இருக்காது, மேகமும் இருக்காது, கடல் மட்டும் ஏறும். 2024 மே மாதம் இதே மாவட்டத்தில், கணபதிபுரம் அருகேயுள்ள லெமூர் கடற்கரையில், பயிற்சி மருத்துவர்கள் ஐந்து பேர் இப்படியொரு அலையில் இறந்துபோனார்கள். அந்தச் செய்தியை நானும் படித்திருந்தேன், வருத்தப்பட்டிருந்தேன். ஆனால் கடலோரம் போகும்போது எதைப் பார்க்க வேண்டும் என்று அதிலிருந்து எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை.

ஹைதராபாத்தில் உள்ள இன்கோயிஸ் என்ற மத்திய அரசின் கடல் தகவல் மையம் கள்ளக்கடல் எச்சரிக்கையை முன்கூட்டியே வெளியிடுகிறது. இணையத்தில் யாரும் பார்க்கலாம், உள்ளூர் நாளிதழ்களிலும் வரும். வானிலையில் மழை இல்லை, காற்று இல்லை என்று போட்டிருந்தால் கடல் அமைதியாக இருக்கும் என்று அர்த்தமில்லை, இதைத் தனியாகப் பார்க்க வேண்டும். கரைக்குப் போனதும் வள்ளங்கள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள், மீனவர் ஒருவரிடம் பேசுங்கள். அவர்கள் இறங்காத கடலில் நமக்கு வேலை இல்லை. ஈரமான பாறை என்றால் அதுவரை அலை வருகிறது, எனவே காய்ந்த பாறையோடு நின்றுகொள்ளுங்கள். கடல் திடீரென்று பின்வாங்கினால் வேடிக்கை பார்க்காமல் மேலே ஓடுங்கள். குழந்தையை எந்தக் காரணத்துக்காகவும் கடலுக்கு முதுகு காட்டி நிற்க வைக்காதீர்கள்.

இனி போன் விஷயம். போன் கடலோடு போனது. அதன் உறைக்குள்தான் ஏ.டி.எம். கார்டு வைத்திருந்தேன். ஆதார், அறைப் பதிவு, ஓட்டுநரின் எண், திரும்பும் டிக்கெட் எல்லாம் அதற்குள். பணம் கையில் வைத்துக்கொள்ளும் பழக்கம் போய் வருஷமாகிவிட்டது. அம்மாவின் சுருக்குப் பையில் 340 ரூபாய் இருந்தது, அவ்வளவுதான் மூன்று பேருக்கும். காலில் ரத்தம் வழிய, காரை எங்கே நிறுத்தினார் என்று தெரியாமல், இருட்டத் தொடங்கிய பிறகு அந்தச் சாலையில் இருபது நிமிடம் தேடினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு தனியாக நான் உணர்ந்ததில்லை. கணவரின் எண் மட்டும் மனப்பாடமாகத் தெரியும். அவரிடம் என்ன சொல்ல? உன் மகளைப் படம் எடுக்கப் போய் இழக்கப் பார்த்தேன் என்றா? மூன்று நாள் கழித்துத்தான் அவரிடம் முழுவதையும் சொன்னேன்.

ஓட்டுநர் தம்பியே எங்களைத் தேடி வந்துவிட்டார். அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். தையல் போட்டு, ஊசி போட்டு அனுப்பினார்கள், வெளியே மருந்துக்கு மட்டும் 450 ரூபாய் ஆனது. அவருடைய போனிலிருந்து வங்கியை அழைத்துக் கார்டை முடக்கினேன், சிம்மையும் நிறுத்தச் சொன்னேன். இரவு அந்த 3,600 ரூபாய் அறையிலேயே படுத்தோம். அருவியின் இரைச்சல் இரவெல்லாம் கேட்டது. ஒவ்வொரு முறை கண் மூடும்போதும் அது கடலாக மாறியது. மகளின் கையை விடவே இல்லை. காலையில் கன்னியாகுமரியில் பாறைக்குப் போகும் படகையும் கடல் சீற்றத்தால் நிறுத்திவிட்டார்கள் என்று தெரிந்தது. எனக்கு ஊர் போய்ச் சேர்ந்தால் போதும் என்றிருந்தது. கார் வாடகையில் 3,500 ரூபாய் பாக்கி. “ஊருக்குப் போய் அனுப்புங்கள் அக்கா” என்று சொன்ன அந்தப் பையன், கூடவே 1,000 ரூபாயைக் கையில் கொடுத்து, இரவு வரை காத்திருக்க வேண்டாம் என்று காலைப் பஸ்ஸிலேயே எங்களை ஏற்றிவிட்டான்.

பிறகு பட்டது தனிப் பாடு. ஞாயிற்றுக்கிழமை சிம் கார்டுக் கடை மூடியிருந்தது. திங்கட்கிழமை ஆதாரோடு போய் அதே எண்ணில் புது சிம் வாங்கினேன். மாற்று சிம் வாங்கினால் முதல் 24 மணி நேரத்துக்குக் குறுஞ்செய்தி வராது, மோசடியைத் தடுக்க அப்படி ஒரு விதி. எனவே ஓ.டி.பி. வராது, வங்கிச் செயலியும் திறக்காது. செவ்வாய்க்கிழமை மாலைதான் என் பணத்தை நானே தொட முடிந்தது. புதுப் போன் 16,500. நான்கு நாள் விடுப்பு. நீங்கள் வெளியூர் போனால் இரண்டாயிரம் ரூபாய் ரொக்கத்தை வேறு பையில் வைத்திருங்கள். கார்டைப் போன் உறையில் வைக்காதீர்கள். அசல் அடையாள அட்டை ஒன்று பெட்டியில் இருக்கட்டும். ஒரு காகிதத்தில் வீட்டு எண், ஓட்டுநர் எண், விடுதி எண், வண்டி எண், வங்கி உதவி எண் ஐந்தையும் எழுதிப் பெரியவர் ஒருவரிடமும் குழந்தையின் பையிலும் கொடுங்கள். காரிலிருந்து இறங்கும்போதே எத்தனை மணிக்கு எந்த இடத்தில் சந்திப்பது என்று ஓட்டுநரோடு பேசிக்கொள்ளுங்கள்.

பணத்தை நான் ஒருவழியாகத் தேற்றிக்கொள்வேன். மகள்தான் ஒரு மாதம் வரை குளியலறையில் தலைக்குத் தண்ணீர் ஊற்ற விடவில்லை. வாளியைத் தூக்கினாலே சுவரோடு ஒட்டிக்கொள்வாள். அவசரப்படுத்தாமல், அவளே குவளையில் மொண்டு ஊற்றிக்கொள்ளும் வரை பொறுத்திருந்தோம். அந்த மாலையைப் பற்றி அவள் கேட்கும் எதையும் நான் மழுப்பவில்லை, அம்மா செய்தது தப்பு என்று சொன்னேன்.

வங்கிக் கணக்கு திறந்ததும் முதல் வேலையாக ஓட்டுநர் தம்பிக்கு 5,000 ரூபாய் அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் 500 ரூபாய் திரும்பி வந்தது. உடனே போனும் வந்தது. “நீங்கள் தர வேண்டியது 4,500தான் அக்கா. பாப்பா எப்படி இருக்கிறாள்? இங்கே மழை விட்டுவிட்டது, அருவியில் குளிக்க விட்டுவிட்டார்கள்” என்றார்.